இரண்டாவது ரயில்: நாவசோட்டா போட்டோ ஷூட் மரணம், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வடமேற்கே இருக்கும் சிறிய ஊர் நாவசோட்டா. 2017 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. மாடலிங்கில் கால் வைக்க ஆசைப்பட்ட 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், அங்கே இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவில் நின்று போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பாதையில் பி.என்.எஸ்.எஃப். நிறுவனத்தின் ரயில் வந்தது. பார்த்தார், ஒதுங்கினார். எதிர்த் திசையிலிருந்து அடுத்த பாதையில் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் ரயில் வந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், பிரேக்கும் போட்டார். பலனில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "தண்டவாளத்துல போய் யாராவது நிப்பாங்களா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொண்டால், புதிதாக கேமரா வாங்கி மாடல்களைப் படமெடுக்க ஆரம்பிப்பவர் இந்த விபத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பெண் அசட்டையாக நிற்கவில்லை. வந்த ரயிலைக் கவனித்தார், நேரத்துக்கு விலகவும் செய்தார். ஒரு ரயிலின் மேல் போன கவனம் இன்னொரு ரயிலை மறைத்துவிட்டது. "அந்தப் பக்கமும் வருது" என்று கத்த வேண்டியது யார்? போஸ் கொடுப்பவரா, படம் எடுப்பவரா, மூன்றாவதாக ஒருவரா?

கண்ணும் காதும் கைவிடும் இடம்

ரயில் என்றால் தடதடவென்று சத்தம் கேட்கும், கேட்டதும் நகர்ந்துவிடலாம் என்று நம்புகிறோம். பிளாட்பாரத்தில் நின்று பழகியதால் வந்த நம்பிக்கை இது. ரயிலின் சத்தம் பக்கவாட்டில்தான் அதிகம் பரவுகிறது. நேர் எதிரே நிற்பவருக்கு அது குறைவாகவும் தாமதமாகவும் வந்து சேரும். தண்டவாளத் துண்டுகளை வெல்டிங் செய்து நீளமாக இணைத்துவிடுவதால், பழைய 'கடகட' ஓசையும் பல பாதைகளில் இன்று இல்லை. பக்கத்துப் பாதையில் வேறொரு ரயில் போய்க்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். அடிக்கிற ஹாரன் எந்த ரயிலுடையது என்று பிரித்தறிவது கடினம்.

கண்ணும் அப்படித்தான். நேர் எதிரே வரும் ரயில் இடமோ வலமோ நகர்வதில்லை. அதன் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவது மட்டும்தான் நமக்குக் கிடைக்கும் தகவல். அந்த வளர்ச்சி தொலைவில் இருக்கும்போது மிக மெதுவாகவும் கடைசிச் சில விநாடிகளில் திடீரென்றும் நடக்கிறது. கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளியாகத் தெரியும் ரயில் உங்களிடம் வர 20 விநாடி போதும். அந்த வேகத்தில் போகும் நீண்ட சரக்கு ரயில் அவசர பிரேக் போட்டாலும், நிற்பதற்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். டிரைவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதில் எந்த ஆறுதலும் இல்லை.

இரண்டு பாதைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி தனி ஏமாற்று. காலியாகப் பார்த்தால் அகலமான நடைபாதை போலத் தெரியும். ரயில் பெட்டியோ தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்றடி துருத்திக்கொண்டு வருகிறது. இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் ரயில் வந்தால் நடுவில் மிஞ்சுவது சில அடிதான்.

இப்போது கேமராவுக்குப் பின்னால் வருவோம். ஒருவரின் முகத்தை முக்கியமாக வைத்து எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்குப் பலரும் விரும்பும் லென்ஸ் 85 மி.மீ. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது கிடைமட்டமாகக் காட்டுவது சுமார் 24 டிகிரி. சுற்றியிருக்கும் 360 டிகிரியில் பதினைந்தில் ஒரு பங்கு. ஒரு கண் கேமராவின் பார்வைத் துளையான வியூஃபைண்டரில், இன்னொரு கண் மூடியிருக்கும். லென்ஸின் துவாரத்தை அகலமாகத் திறந்து, 1.8 அபர்ச்சரில் மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரை ஃபோகஸ் செய்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். மூக்கிலிருந்து காது வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் வருவது ரயிலாக இருந்தாலும், வியூஃபைண்டரில் ஒரு மங்கலான வெளிச்ச வட்டம். அழகான பின்னணி என்று நாம் ஆசைப்பட்டு வாங்கும் லென்ஸ், பின்னணியில் நடப்பதை மறைப்பதற்காகவே செய்யப்பட்டது. மாடலோ லென்ஸைப் பார்க்கிறார், அல்லது நீங்கள் சொன்னபடி திரும்பி நிற்கிறார்.

ஆக, ஷூட்டில் இரண்டே பேர் இருந்தால் அங்கே சுற்றுப்புறத்தைப் பார்க்கும் கண் ஒன்றுகூட இல்லை. போஸ் கொடுப்பதும் படம் எடுப்பதும் சரியாக நடந்தால், வேறு எதையும் பார்க்காமல் இருப்பதுதான் அந்த இருவரின் வேலையே.

இருபது பேர் இருந்தும்

சரி, கூட ஆள் இருந்தால் போதுமா? இதற்கு மூன்று வருடம் முன்பு ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த இன்னொரு விபத்து, போதாது என்று காட்டுகிறது. அது சினிமா படப்பிடிப்பு. ஆனால் அதைப் பற்றி விசாரணை அறிக்கையும் தீர்ப்பும் இருப்பதால், உள்ளே என்ன நடந்தது என்பது நாவசோட்டாவைவிடத் தெளிவாகத் தெரியும்.

2014 பிப்ரவரி 20. பாடகர் கிரெக் ஆல்மேனின் வாழ்க்கையைச் சொல்லும் 'மிட்நைட் ரைடர்' படத்துக்காக, அல்டமஹா ஆற்றின் மேலுள்ள ரயில் பாலத்தில் ஒரு காட்சி. தண்டவாளத்தின் குறுக்கே இரும்புச் சட்டம் போட்ட கட்டில் ஒன்றை வைத்திருந்தார்கள். பாதை சி.எஸ்.எக்ஸ். நிறுவனத்துக்குச் சொந்தம். அனுமதி கேட்டதற்கு அந்த நிறுவனம் ஒரு முறைக்கு மேல் எழுத்திலேயே மறுத்திருந்தது. பக்கத்து நிலத்துக்காரரிடம் மட்டும் அனுமதி இருந்தது. அங்கே இரண்டு ரயில்கள் போய்விடும், அதற்கப்புறம் இடம் நமக்கு என்பது குழுவின் கணக்கு. இரண்டு ரயில்கள் போயின. மூன்றாவது வந்தது, மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகத்தில். ரயில் வந்தால் விலக ஒரு நிமிடம் கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. கட்டில் சிதறியது. கேமரா உதவியாளர் சாரா ஜோன்ஸ், 27 வயது, உயிரிழந்தார். பலர் காயமடைந்தனர்.

அந்த விபத்தில் என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. லொகேஷன் ஏற்பாட்டுக்குப் பொறுப்பானவர் அன்று படப்பிடிப்புக்கே வரவில்லை. அனுமதி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பாலத்தின் மேல் சாமான் தூக்கிக்கொண்டு போனவர்கள், எல்லாம் பேசி முடித்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் இருந்தார்கள். மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டால், இருபது பேர் இருக்கும் இடத்திலும் பார்க்கிற ஆள் இருக்க மாட்டார். அன்று அங்கே ரயில்வேயின் ஆள் ஒருவரும் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்துக்குக் காரணமாகச் சொன்னது ரயிலின் வேகத்தையோ பாலத்தையோ அல்ல. அனுமதி மறுக்கப்பட்ட பிறகும் படக்குழு பாதைக்குள் நுழைந்ததைத்தான்.

இயக்குநர் ராண்டல் மில்லர் 2015 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கொலை நோக்கமில்லாத மரணம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் இரண்டும்தான் குற்றச்சாட்டு. இரண்டு வருடச் சிறை, எட்டு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. ஒரு வருடத்தில் வெளியே வந்துவிட்டார். தண்டனையோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: அந்தப் பத்து வருடமும், மற்றவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் எந்தப் பதவியிலும் அவர் படப்பிடிப்பில் வேலை செய்யக் கூடாது. 'எங்கே நிற்கணும்' என்று சொல்பவர் யாரோ, நின்றவருக்கு என்ன ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான் என்று நீதிமன்றம் பார்த்திருக்கிறது. உங்கள் ஷூட்டில் அந்த ஆள் நீங்கள். முதல் ஷூட், காசு வாங்காத ஷூட் என்பதெல்லாம் இதில் எதையும் மாற்றாது.

நம் ஊரிலும் தண்டவாளப் படங்களுக்கு மவுசு குறையவில்லை. ப்ரீ வெட்டிங் ஆல்பத்தில்கூட வருகிறது. இந்திய ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி அனுமதியின்றி ரயில்வே இடத்தில் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தில் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது. 20 விநாடிக் கணக்கை மேலே பார்த்தோம். காவலாள் பார்த்து, கத்தி, அது காதில் விழுந்து, குதிகால் செருப்போடு ஜல்லிக் கல்லில் ஓட வேண்டும். தண்டவாளம் வேண்டாம் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

காவலாள் உண்மையில் உதவும் இடங்கள் வேறு. கடற்கரையில் மாடல் அலைக்கு முதுகு காட்டி நிற்கிறார். முழங்கால் வரை வந்த தண்ணீர் அடுத்த அலையில் இடுப்புக்கு வரும். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. இதைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவரால் மட்டுமே முன்கூட்டிச் சொல்ல முடியும். அதேபோல் வெளிப்புறத்தில் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப் பெட்டி) மாட்டிய லைட் ஸ்டாண்ட். காற்றுக்கு அது பாய்மரம். மணல் மூட்டை போட்டாலும் ஒரு கை அதன் மேல் இருக்க வேண்டும், விழுந்தால் விழுவது மாடல் தலையில். மாடி விளிம்பு, ரோட்டோரம், கோட்டைச் சுவர், பாசி படிந்த அருவிப் பாறை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அந்த ஆளிடம் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரைக் கொடுக்காதீர்கள். ரிஃப்ளெக்டர் பிடிப்பவர் வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்றுதான் பார்ப்பார். அப்புறம், அவர் "நிறுத்து" என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

மாடல் பக்கமிருந்து பார்த்தால்

இதுவரை பேசியது வெளியிலிருந்து வரும் ஆபத்து. மாடல் ஒருவருக்குப் புதிய போட்டோகிராஃபரே ஆபத்தாகத் தெரியலாம். புதியவர்கள் பலருக்கு இது கோபத்தைக் கிளப்பும் விஷயம். "என் ஃபிரண்டைக் கூட்டிட்டு வரலாமா?" என்று மாடல் கேட்டதுமே, தன்னைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். கூட வருபவர் இடைஞ்சல், மாடல் கூச்சப்படுவார், படம் சரியாக வராது என்று அதற்குத் தொழில்முறைக் காரணமும் சொல்வார்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் பழைய வரலாறு இருக்கிறது. 1957, 58-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹார்வி கிளாட்மேன் என்பவன், துப்பறியும் பத்திரிகைகளின் அட்டைக்குப் படம் எடுக்கும் போட்டோகிராஃபர் என்று சொல்லி மாடல்களை வரவழைத்தான். அந்தக் காலப் பத்திரிகை அட்டைகளில் கட்டிப்போடப்பட்ட பெண்ணின் படம் வழக்கமான ஒன்று. அதனால் கயிறு கட்டச் சம்மதிப்பது அவர்களுக்குத் தொழிலின் பகுதியாகவே தெரிந்தது. அவன் கையில் இறந்தவர்கள் மூன்று பேர். 1958 அக்டோபரில் இன்னொரு பெண் சாலையோரத்தில் அவனோடு போராடித் தப்பியதால்தான் பிடிபட்டான். எழுபதுகளில் பல பெண்களைக் கொன்ற ராட்னி அல்கலாவும் போட்டோகிராஃபர் வேடத்தைத்தான் போட்டான். அவன் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த சேமிப்பறையிலிருந்து கைப்பற்றிய படங்கள் ஆயிரத்துக்கு மேல். அதில் இருப்பவர்கள் யார் என்று கேட்டு, கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச் போலீஸ் 2010-இல் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் பொதுமக்களிடம் காட்டியது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனால் முன்பின் பார்க்காத ஒருவர் வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. பெரிய பெயர் இருந்தால் சந்தேகமில்லை என்பதும் பொய்யாகிவிட்டது. 2018 ஜனவரியில், புகழ்பெற்ற ஃபேஷன் போட்டோகிராஃபர்களான மரியோ டெஸ்டினோ, புரூஸ் வெபர் இருவர் மீதும் ஆண் மாடல்களும் உதவியாளர்களும் சொன்ன பாலியல் புகார்களை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. இருவரும் மறுத்தார்கள். 'வோக்' இதழை நடத்தும் கோண்டே நாஸ்ட் நிறுவனம் இருவரோடும் வேலையை நிறுத்திவைத்தது. புகார் சொன்னவர்கள் ஆண்கள் என்பதைக் கவனியுங்கள். கூட ஆள் வரும் ஏற்பாடு பெண் மாடல்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

அதே சமயத்தில் கோண்டே நாஸ்ட் வெளியிட்ட நடத்தை விதிகள், ஒரு பெரிய நிறுவனம் எதற்கெல்லாம் பயப்படுகிறது என்பதைக் காட்டுகின்றன. மாடலுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். செட்டில் மது கூடாது. உள்ளாடை, நீச்சலுடை, மெல்லிய துணி, கிளர்ச்சியூட்டும் போஸ் எதுவானாலும் மாடலிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். போட்டோகிராஃபரோ மேக்கப் போடுபவரோ மாடலோடு தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று: ஷூட் முடிந்த பிறகு, அதே செட்டில் போட்டோகிராஃபர் தன் சொந்தப் படங்களை எடுக்கக் கூடாது. எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய பின், "இன்னும் ஒரே ஒரு லுக் எடுத்துரலாமா, சும்மா, நமக்காக" என்று ஆரம்பிக்கும் அந்த அரை மணி நேரத்தை யாரோ நன்றாகத் தெரிந்துவைத்து எழுதிய விதி இது. மாடல் களைத்திருப்பார், சாட்சி இருக்காது, மறுத்தால் கிடைக்க வேண்டிய படங்கள் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் இருக்கும்.

மாடலோடு வருபவரும் நீங்கள் நிறுத்தும் காவலாளும் ஒருவரல்ல என்பது என் கருத்து. மாடலோடு வருபவர் மாடலுக்காக வருகிறார். அவரிடம் வேலை கொடுத்துவிட்டால் அவர் உங்கள் ஆளாகிவிடுவார். ஒருவருக்கு மட்டும்தான் இடம் என்றால் அது யாரென்று மாடல் முடிவு செய்யட்டும். காவலாள் தேவைப்படும் லொகேஷனை அன்று விட்டுவிடலாம்.

முதல் மெசேஜிலேயே

பாலத்தின் மேல் நின்ற குழுவுக்குக் கிடைக்காதது தகவல். காசு கைமாறாத கொலாப் ஷூட்களில் அதே குறை தினமும் நடக்கிறது. "ஈசிஆர்ல ஒரு ஷூட், ஃப்ரீயா இருக்கீங்களா?" என்ற ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இப்படி எழுதிப் பாருங்கள்: "அக்கா, ஞாயிறு காலை 6 மணிக்கு, இந்த பீச். தண்ணிக்குள்ள இறங்கற மாதிரி ஷாட் இல்ல. ரெண்டு காஸ்ட்யூம், ரெண்டுமே புடவை. மேக்கப் போடறவங்க வர்றாங்க, என்கூட என் தம்பி வர்றான். உங்ககூட யார் வேணாலும் வரலாம். உடை மாத்த பக்கத்து ரிசார்ட்ல ரூம் சொல்லியிருக்கேன், உள்தாழ்ப்பாள் இருக்கு. பத்து மணிக்குள்ள முடிச்சிடுவோம். எடிட் பண்ண 15 படம் ரெண்டு வாரத்துல தர்றேன். நான் இன்ஸ்டால போடுவேன், விளம்பரத்துக்குக் கொடுக்க மாட்டேன்." மாடல் "ஓகே" என்று எழுதினால் இரண்டு தரப்புக்கும் எழுத்துச் சான்று. பாதியில் புதிதாக ஒரு யோசனை வந்தால், அது இந்த மெசேஜில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னொரு நாளைக்கு, இன்னொரு மெசேஜில்.

போஸ் சொல்லும்போது தொட வேண்டாம். நீங்களே அப்படி நின்று காட்டுங்கள். கொஞ்சம் கேலியாக இருக்கும், அது நல்லதுதான், இறுக்கம் தளரும். முகத்தில் விழுந்த முடியை மேக்கப் போடுபவர் ஒதுக்கட்டும், அவர் இல்லையென்றால் மாடலே ஒதுக்கிக்கொள்ளட்டும். எடுக்க எடுக்க கேமராத் திரையைக் காட்டுங்கள். எந்த உடை, எந்தக் கோணம் எப்படி வருகிறது என்று மாடலுக்குத் தெரிந்தால் "இது வேண்டாம்" என்று அங்கேயே சொல்லிவிடுவார். உடம்பைப் பற்றிய பாராட்டைத் தவிர்த்துவிட்டு, வெளிச்சத்தையும் போஸையும் பற்றிப் பேசுங்கள்.

வயது விஷயத்தில் நம்பிக்கை போதாது, அடையாள அட்டையைப் பாருங்கள். நம் நாட்டில் 18 வயதுக்குக் குறைந்தவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. பெற்றோர் கையெழுத்தும் அவர்களில் ஒருவர் உடன் இருப்பதும் வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் 18-க்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தையாகத்தான் பார்க்கிறது. படத்தின் உரிமையில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, மாடல் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவருக்கே சொந்தம். யாரும் காசு தராத கொலாப் என்றால், படத்தை எடுத்தவர் வேறு யாரிடமும் சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தனக்காக எடுத்திருந்தால் உரிமை அவருடையது.

உரிமை இருக்கிறது என்பதற்காக எதையும் போட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பெண்ணின் அந்தரங்கமான படத்தை எடுக்க அவரே சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்குப் பரப்பச் சம்மதிக்காதபோது அதைப் பரப்பினால் அது குற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. உடை மாற்றும் இடத்தில் தற்செயலாக விழுந்த ஃபிரேம், துணி விலகிய ஃபிரேம் எல்லாவற்றையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள். மாடல் கிளம்புவதற்கு முன்பே, அவர் கண் முன்னால், கேமராவிலுள்ள இரண்டு மெமரி கார்டிலிருந்தும் அழித்துவிடுங்கள்.